மூக்கைப் பொத்தியதால் வந்த வினை

கரமனையில் எங்கள் வீட்டில் யாரும் அசைவம் தொட மாட்டோம். கழக்கூட்டத்தில் வேலை பார்க்கும் என் மகனுக்கு ஃபோனில் யார் எதைச் சொன்னாலும் வேதவாக்கு. "பச்சைக் கோழிக்கறிதான் நாய்க்கு நல்லதாம்மா" என்று எங்கள் மணிக்குத் தினமும் காலையில் வாங்கிவர ஆரம்பித்தான். ஃபிரிட்ஜில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கொல்லையில் மூடிவைத்து, காலையில் பாதியும் மாலையில் மீதியுமாக, புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு போடுவேன்.

மூன்றாம் நாள் சாப்பிட்ட சற்று நேரத்தில் மணி வாந்தி எடுத்தது. ஓரிடத்தில் படுக்காமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. நானும் வாளியும் துணியுமாகப் பின்னாலேயே அலைந்தேன். பிறகு ரத்தமாகப் போனது. ஆட்டோவில் போகும்போது ஒவ்வொரு சிக்னலிலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கெட்டுப்போன மணம் வந்திருக்குமே மாமி, அறிஞ்சில்லையா?" என்று மலையாளம் கலந்து கேட்டார் கால்நடை டாக்டர்.

"மூக்கைப் பொத்திண்டுன்னா போட்டேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நான்கு நாள் குளுக்கோஸ் ஏற்றிய பிறகு மணி பிழைத்தது. இப்போது கொல்லையில் தனி அடுப்பு வைத்திருக்கிறேன். ஒரு வேளைக்கு மட்டும் கறி வாங்கி, உடனே நானே வேகவைக்கிறேன். அதற்கு முன் குனிந்து முகர்ந்து பார்க்கிறேன். குமட்டத்தான் செய்கிறது. ஆனாலும் தலைப்பை மூக்குக்குக் கொண்டுபோவதில்லை.