கலஹா மலையில் வேன் வந்து நிற்கவேண்டிய இடம்

ஒக்டோபர் கடைசிச் சனிக்கிழமை கண்டியிலிருந்து கலஹாப் பக்கம் போய் வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. என்னோடு வேலை செய்யும் புஷ்பா தன் தங்கை தேவிக்காகக் கூப்பிட்டாள். தேவிக்கு எட்டாம் மாதம். கணவருக்குக் கொழும்பில் வேலை. முந்தின மாதம் கிளினிக்குக்குப் போக வாடகை வேன் பேசி, போனிலிருந்து வீடு இருக்கும் இடத்தையும் அனுப்பியிருக்கிறார்கள். வேனோ பள்ளத்துக்கு அந்தப் பக்கம், தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் போய் நின்றுவிட்டது. சுற்றி வந்து சேர ஒரு மணி பத்து நிமிடம்.

"அன்னைக்கு கிளினிக்தானேக்கா. வலி வந்த நேரத்துல இப்பிடி ஆனா என்ன செய்றது?" என்றாள் புஷ்பா.

"சனிக்கிழமை வாறன். என்ர ஜி.பி.எஸ்.ஸையும் கொண்டு வாறன்" என்றேன்.

மலையேறப் போகும்போது கொண்டுபோவதற்காக வாங்கிய கருவி அது. தீப்பெட்டி அளவுதான், மடிக்கணினியில் செருக வேண்டும். வரைபடம் எதுவும் வராது. டெர்மினல் என்னும் கறுப்புத் திரையில் எழுத்தும் எண்ணும் மட்டும் ஓடும்: அகலாங்கு, நெட்டாங்கு, உயரம், எத்தனை செய்மதிகள் பிடிபட்டிருக்கின்றன, பிழை எத்தனை மீற்றர் இருக்கலாம். பார்க்க வறட்சியாக இருந்தாலும் இணையம் இல்லாமல் வேலை செய்யும். தனக்கு எவ்வளவு தெரியாது என்பதையும் மறைக்காமல் சொல்லும். அதனால் எனக்குப் பிடிக்கும்.

காலை 7.10க்குக் கண்டியில் புஷ்பாவும் நானும் பஸ் ஏறினோம். பேராதனை வழியாக இருபது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட, ஒரு மணி ஐந்து நிமிடம். ஜன்னலோரம் மடிக்கணினியைத் திறந்து வைத்து, உயரம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த ஐயா எட்டிப் பார்த்து, "என்னாம்மா, பஸ்ஸ நீங்களா ஓட்டுறீங்க?" என்றார். கலஹாவில் பிளேன்டீயும் ரோல்ஸும். அங்கிருந்து ஐந்து கிலோமீற்றர் முச்சக்கரவண்டி, 700 ரூபா. ஒன்பது மணிக்குத் தேவியின் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தோம்.

வீட்டுக்குள், தகரக் கூரையின் கீழ், கருவி ஒரு செய்மதியைக்கூடச் சரியாகப் பிடிக்கவில்லை. வாசலில் நான்கு கிடைத்தன. பிழை 52 மீற்றர். ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் மரங்கள். கால் மணி நேரம் பொறுத்ததில் ஒன்பது செய்மதிகள், பிழை ஏழு மீற்றர். வேலை முடிந்த திருப்தியோடு எண்களைக் கொப்பியில் எழுதினேன்.

தேவி எட்டிப் பார்த்தாள். "இது எங்க வீட்டு நம்பரா? அப்போ வேன் திரும்பவும் அங்கதாங்க்கா போகும்" என்று பள்ளத்துக்கு அப்பால் தெரிந்த பாதையைக் காட்டினாள். "இங்க வரைக்கும் வேன் வராதே. நாங்கதான் படியேறி ரோட்டுக்குப் போறோம்."

வெட்கமாக இருந்தது. அந்தப் பாதை நேர்கோட்டில் அறுபது மீற்றர் தூரம்தான், படியேறிப் போகும் ரோட்டைவிடக் கிட்ட. போன், வீட்டுக்குக் கிட்ட இருக்கும் ரோட்டைத்தான் தேடும். எண்ணில் பிழையில்லை, நான் அளந்த இடம்தான் பிழை.

படியேறினோம். தேவி மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். வீட்டில் இரு என்று சொன்னதை அவள் கேட்கவில்லை. மேலே தண்ணீர்த் தொட்டியடியில் ரோட்டு வளைவு. வானம் திறந்திருந்தது. பதினான்கு செய்மதிகள், பிழை மூன்று மீற்றர். பத்து நிமிடம் காத்திருந்தோம். பனிமூட்டம் வந்து எதிரே இருந்த மலையை மூடியது; எண்கள் அசையவில்லை.

அடுத்தது சோதனை. எங்கள் அலுவலகத்துக்கு வேன் ஓட்டும் மடவளை நசார் நானாவைக் கலஹா டவுனில் நிற்கச் சொல்லியிருந்தோம். இந்த மலைக்கு அவர் வந்ததே இல்லை. 11.05க்கு எண்களைக் குறுஞ்செய்தியில் அனுப்பினோம்.

"யாருக்கிட்டயும் வழி கேக்கக்கூடாது நானா" என்றாள் புஷ்பா.

"கேக்க மாட்டேன் தங்கச்சி. வாறேன் இரிங்க."

பதினைந்து நிமிடமானது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டிச் சத்தம். தேவியின் முகம் வாடிவிட்டது. "அங்கதான் போயிட்டாரு" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூட்டம் விலகியதும் பார்த்தால், கொழுந்து ஏற்றும் லொறி.

11.27க்கு வளைவில் வெள்ளை வேன் ஒன்று திரும்பி, தொட்டியைத் தாண்டிச் சரியாக ஆறு அடி தள்ளி நின்றது. நானா தலையை நீட்டினார். "இங்கதானே? போன் இங்க நிக்கச் சொல்லுது."

தேவி வேனுக்குக் கிட்டப் போனாள். கதவைத் திறந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "சும்மா தொழிற்சாலை வரைக்கும் ஒரு சுத்து போய்ட்டு வருவோம் நானா" என்றாள். போய் வந்தோம். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே இருந்தாள். திரும்பி வரும்போது லயத்துப் பெண்கள் நாலைந்து பேர் தொட்டியடியில் காத்திருந்தார்கள், அந்த எண்களை எழுதிக்கொள்ள.

இப்படிச் செய்ய நினைப்பவர்களுக்கு: கூரைக்குள் நின்று அளக்காதீர்கள். முதலில் வரும் எண்ணை நம்பாமல் பத்து நிமிடமாவது பொறுங்கள். வீட்டை அல்ல, வண்டி நிற்கக்கூடிய இடத்தை அளந்துகொள்ளுங்கள். எது அந்த இடம் என்று அங்கே குடியிருப்பவர்களிடம் முதலிலேயே கேளுங்கள். நான் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் மிச்சம். யாராவது ஒருவரை வரவழைத்துச் சரிபாருங்கள். பின்னேரம் மழை பிடிக்கும், ஆகவே காலையிலேயே போய்விடுங்கள். எண்களை இங்கே போடவில்லை. அது அவர்கள் வீட்டு வழி.

நவம்பரில் ஒரு புதன்கிழமை, மதியம், நல்ல மழையில் தேவிக்கு வலி வந்தது. நசார் நானா குருநாகலில் இருந்தார். அவர் சொல்லி அனுப்பிய வேன்காரருக்கு அந்த மலையும் தெரியாது, தேவியையும் தெரியாது. டவுனிலிருந்து இருபத்தைந்து நிமிடத்தில் வளைவில் வந்து நின்றிருக்கிறார்.

நாலரை மணிக்கு அலுவலகத்தில் புஷ்பாவின் போன் அடித்தது. கேட்டுவிட்டுக் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். "பொம்பளப் புள்ள! ரெண்டு கிலோ தொள்ளாயிரம்!" என்று அறை முழுக்கக் கேட்கச் சொன்னாள்.