களுதாவளை முகத்துவாரம்

கம்சாயினிக்கு எதையும் ஐந்து தரம் எழுதினால்தான் பாடமாகும். "கொப்பிய உழுதுதான் படிக்கிறாள்" என்று கல்லாற்றுச் சிவதர்ஷன் டியூசனில் சிரிப்பான். அவன் பேனையைத் தொடமாட்டான். சேர் பலகையில் எழுதி முடித்ததும் போனை நீட்டி ஒரு படம். அத்தோடு அவனுடைய படிப்பு முடிந்தது.

சிரித்ததை அவள் பொறுத்துக்கொண்டாள். அவளுடைய புவியியல் கொப்பியை இரவல் வாங்கி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, "சிவதர்ஷன் நோட்ஸ்" என்று வட்சப் குழுவில் போட்டானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. வகுப்பே அவனுக்குக் கும்பிடு போட்டு நன்றி சொல்லியிருந்தது.

பழிவாங்கவும் அவளுக்கு எழுதத்தான் தெரியும். மட்டக்களப்பு வாவி கடலோடு கலக்கும் இடங்கள் பாலமீன்மடு, கல்லாறு என்று சேர் சொன்னதை, பாலமீன்மடு, களுதாவளை என்று மாற்றினாள். களுதாவளை அவளுடைய சொந்த ஊர். அங்கே முகத்துவாரமே கிடையாது. கள்ளம் தெரியக்கூடாதென்று அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கிழித்து ஆறு தரம் அழகாக எழுதினாள். அவன் மறுபடி கொப்பி கேட்டதும் சிரித்தபடி நீட்டினாள். சோதனையில் அப்படியே எழுதுவான், நாறுவான். அவன் வழக்கம்போல அதையும் படம் பிடித்துக் குழுவில் போட்டான்.

சோதனைக்கு நாற்பது கேள்வி, இருபது நிமிடம்.

மறுவாரம் சேர் தாள்களோடு வந்தார். "வாவிக் கேள்விக்குப் பாதிப் பேர் ஒண்டுமே எழுதல்ல. மிச்சத்தில கனபேர் பாலமீன்மடுவோட நிண்டுட்டாங்க. எல்லாம் போன்ல கிடக்கு, மண்டையில இல்ல. ரெண்டு பேர் மட்டும் களுதாவளையாம். வதனி, எங்க புள்ள படிச்ச இந்த அதிசயத்த?"

"அண்டைக்குக் காய்ச்சல் சேர். போன்ல வந்தத கொப்பில பார்த்து எழுதின." வதனிக்கு அழுகை முட்டியது.

கம்சாயினி வதனியைத் திரும்பிப் பார்த்தாள். இந்தப் பழியில் வதனிக்குப் பங்கே இல்லை.

"மற்றது கம்சாயினி! நீ களுதாவளைப் புள்ளதானே? இண்டைக்குத் தோணியிலயா வந்த?"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. அவசரத்தில் அவள் கை, எழுதிப் பழகியதையே எழுதிவிட்டிருந்தது. சிவதர்ஷனுக்கோ அந்த ஒரு விடை சரி. அவன் நோட்ஸைத் திறந்தே பார்க்கவில்லை. அவனுடைய ஊர் கல்லாறு.

"ஆர்ட நோட்ஸ் இது?"

எல்லா விரலும் சிவதர்ஷனைக் காட்டின. அவன் பதறி எழும்பினான்.

"ஐயோ, என்ட இல்ல சேர்! சத்தியமா கம்சாயினிட. நான் படம் மட்டுந்தான் எடுத்த."

"முதல் குழுவில போட்ட நோட்ஸும்?" என்று கேட்டாள் கம்சாயினி.

"எல்லாம் உன்டதான் கா!"

"ஓம் சேர், என்டதான்." அவள் எழும்பி நின்றாள். "பிழையும் என்டதான். வேணுமெண்டே எழுதின. வதனிக்கு மட்டும் அந்தப் புள்ளியக் குடுங்க."