தொட்டியில் குறையாத பன்னிரண்டு

என் கண்ணாடித் தொட்டியில் எந்நாளும் பன்னிரண்டு மீன்கள் இருந்தன. சிங்களத்தில் புலத் ஹபயா என்பார்கள். வெற்றிலை போட்ட வாய்போல ஆண் மீன் சிவக்கும். இலங்கை ஓடைகளைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாத இனம். முப்பத்தொரு வருடம் தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கராக இருந்து, வேலை பிரிக்கும் காலைப் பிரட்டில் பேர் கூப்பிட்டு ஆள் எண்ணியவன் நான். ஓய்வுக்குப் பிறகு மீன்களை எண்ணினேன். ஒன்று செத்தால் அன்றே தேயிலை வடிகட்டியோடு ஓடைக்கு இறங்கி, இன்னொன்றைப் பிடித்துவந்து தொகையைச் சரிசெய்துவிடுவேன்.

எங்கள் தோட்டத்து மிட்வைஃப் அம்மா ஒருநாள் எனக்குப் பிரஷர் பார்க்க வந்தார். “ரெண்டு வருசமா பன்னெண்டு, ஒன்னுகூட கொறையலம்மா” என்றேன். வடிகட்டியைப் பற்றியும் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

“நல்ல கணக்குங்கையா! நானும் பொறப்ப மட்டும் எழுதிட்டு சாவ எழுதாம விட்டிருந்தா, என்னைய எப்பவோ வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. செத்தது எத்தனைங்க?”

எழுதி வைக்கவில்லை.

“அப்ப ஓடையில மிச்சம் எத்தனை?”

பிரஷர் ஏறியிருக்கும். மறுநாள் ஓடைத் திருப்பத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். முன்பு கூட்டமாகத் திரிந்த இடத்தில் மூன்றுதான் இருந்தன. இரத்தினபுரிக்குப் போய் வனஜீவராசிகள் அலுவலகத்தில் உள்ளதைச் சொன்னேன். அனுமதியில்லாமல் பிடித்தது தவறு என்றார்கள். தொட்டியில் வந்த நோய் ஓடைக்கும் பரவலாம், நீங்களாகத் திருப்பி விடவும் வேண்டாம் என்றார்கள். பன்னிரண்டையும் ஒப்படைத்தேன். பதினேழு நாள் தொட்டி வெறுமையாகக் கிடந்தது.

நாட்டு மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் இந்த வழிக்குத் தாராளமாக வாருங்கள். ஆனால் வடிகட்டியை வீட்டில் விட்டு வாருங்கள். தொட்டியிலேயே பிறந்த குஞ்சா என்று விற்பவரிடம் கேளுங்கள், பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள். எந்த இனத்தைப் பிடிக்கக் கூடாது என்று தெரியாவிட்டால் எதையும் பிடிக்காதீர்கள். ஒன்றிரண்டு போதாது, கூட்டமாக வாழும் மீன், குறைந்தது ஆறு வேண்டும். நான் ஆறுதான் வாங்கினேன்.

மிட்வைஃப் அம்மா இப்போது மாவனல்லையில் மகளோடு இருக்கிறார். போன வாரம் பாசிக்குள் குஞ்சுகள் தெரிந்ததும் அவருக்குத்தான் போன் செய்தேன்.

“பொறப்பு எத்தனைங்கையா?”

மூன்று முறை எண்ணினேன், மூன்று தொகை வந்தது என்றேன்.

“சரி, செத்தது?”

“ரெண்டும்மா.”

அந்த எண்ணில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.