உஸ்தாத் நஈமின் கேட்கும் வகுப்பு

"விரும்புகிறேன்" என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, அதன் தலைக்கு மேல் "அர்ப்பணித்துக்கொண்டவள்" என்று எழுதுகிறார் உஸ்தாத் நஈம். துஹாவின் ஜெனீவா வேலை விண்ணப்பத்தில் இது ஒன்பதாவது அடித்தல். "விரும்புறவங்க கடைக்குப் போவாங்க மகளே. ஜெனீவா போறவங்க அர்ப்பணிச்சுக்கணும்." சர்க்கரை போடாத காப்பியைக் கசப்போடு உறிஞ்சிவிட்டு, மூன்றாவது பக்லாவா இனிப்பை வாயில் போட்டுக்கொள்கிறார்.

ஜோர்தானின் தலைநகரான அம்மானில், வெய்ப்தே மேட்டில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி அவருடையது. படித்து முடித்துவிட்டு வேலையில்லாமல் நிற்கும் பிள்ளைகளை மனித உரிமைத் துறைக்குத் தயார்செய்து அனுப்புவது தொழில். அவர் பரிந்துரைக் கடிதம் கொடுத்தால் வெளிநாட்டு அமைப்புகளின் கதவு திறக்கும். அது உண்மைதான். அந்த ஒரே உண்மைக்காகத்தான் பிள்ளைகள் மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறார்கள். சட்டம் படித்த துஹாவும் பக்கத்து ஊரான ஸர்காவிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஆறு மாதமாக வந்துபோகிறாள்.

மாநாட்டில் கழுத்தில் மாட்டிவிடும் அட்டையை அவர் லேசில் கழற்றுவதில்லை. தக்காளி வாங்கப் போனாலும் ஓஸ்லோ மாநாடு அவர் தொந்தியின் மேல் ஆடிக்கொண்டிருக்கும். கட்டடத்தைக் காக்கும் எகிப்துக்காரரின் பெயர் பதினோரு ஆண்டாக அவருக்குத் தெரியாது. "எகிப்து, தண்ணி வரல, என்னன்னு பாரு" என்பதோடு சரி. ஆனால் கண்ணியம் என்ற சொல்லை ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவை சொல்வார். ஒரு நாள் துஹா எண்ணியே பார்த்துவிட்டாள். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்று இவரைப் பார்க்காமலே எவரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமைதோறும் "கேட்கும் வகுப்பு". பாதிக்கப்பட்டவர் பேசும்போது எப்படி உட்காருவது, எப்போது தலையாட்டுவது என்பது பாடம். ஒருவர் அழ வேண்டும், இன்னொருவர் கேட்க வேண்டும். "மூணு எண்ணிட்டுக் குனி. முன்னாடியே குனிஞ்சா நடிப்புன்னு தெரிஞ்சிரும்" என்று கையைத் தட்டித் தாளம் போடுவார்.

விண்ணப்பம் திருத்திய அந்த வியாழனன்றே, வகுப்பில் பையன் ஒருவன் கண்ணீர் வராமல் தவித்துக்கொண்டிருந்தபோது, நிஜமாகவே ஒரு தாய் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். ஊரார் அழைப்பது உம்மு ஸுஹைப், ஸுஹைபின் தாய் என்று. படியேறிய இளைப்பு இன்னும் அடங்கவில்லை.

"வாசல்ல மனித உரிமைன்னு எழுதியிருக்கே, அதான் ஏறி வந்தேன். காய்கறிச் சந்தையில மூட்டை தூக்கற எம்புள்ளைய நேத்து போலீசு வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாங்க. எந்த ஸ்டேஷன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. அவனுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை இதோ என் கையில இருக்கு. நாளைக்கு வெள்ளிக்கிழமை, லீவு, கேக்க ஆளிருக்காது."

உஸ்தாதின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா பிள்ளைங்களா, அல்லாஹ்வே அனுப்பிவச்சிருக்கான்." அவளை நடு நாற்காலியில் உட்காரவைத்தார். "துஹா, நீ கேளு."

"மாத்திரை கடைசியா எப்ப போட்டான் சின்னம்மா?"

"தப்பு. எடுத்த எடுப்புலயே மாத்திரையா? மனசுல என்ன இருக்குன்னு ஆரம்பி. நீங்க முதல்லேருந்து சொல்லுங்கம்மா, பொண்ணு அவசரப்பட்டுட்டா."

அவள் முதலிலிருந்து சொன்னாள். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்பதால் இன்னொரு முறையும் சொன்னாள். பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள். துஹாவுக்கு அவமானத்தில் காது சுட்டது.

"உஸ்தாத்," என்றாள் உம்மு ஸுஹைப், "உங்க பிள்ளைங்க பாஸாயிட்டா எம்புள்ள கிடைச்சிருவானா?"

"நாங்க வழக்கு எடுக்கறதில்லம்மா. வழக்கு எடுக்கற ஆளுங்கள உருவாக்கறோம். ஞாயித்துக்கிழமை ஒரு வக்கீல் விலாசம் தரச் சொல்றேன்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் வலிப்பு காத்திருக்குமா?"

துஹா எழுந்தாள். "சந்தையைச் சுத்தி இருக்கறது நாலஞ்சு ஸ்டேஷன்தான். நான் கூடப் போறேன்."

"உக்காரு. இன்னிக்குக் கடிதத்துல கையெழுத்துப் போடற நாள். ஜெனீவாவுக்கு நாளைக்கே கடைசித் தேதி. வர்றவங்க பின்னாடியெல்லாம் ஓடினா இந்தத் துறையில நிலைக்க முடியாது. ஒரு எல்லை வேணும்."

ஆறு மாத பஸ், வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்த ஜெனீவா, எல்லாம் அந்த ஒரு காகிதத்தில் இருந்தன. அந்தத் தாயோ ஏற்கெனவே வாசலை எட்டியிருந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு துஹாவும் பின்னாலேயே போனாள். நடிக்க மட்டுமே கற்ற மற்ற எட்டுப் பேரும் உஸ்தாதின் முகத்தைப் பார்த்தபடி இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

தெருவில் டாக்சிக்குக் கை நீட்டியபோது மேலிருந்து குரல் வந்தது.

"துஹா, நில்லு."

பால்கனியில் உஸ்தாத் நின்றார். கையில் போன். அவரோடு படித்த போலீஸ் அதிகாரிகள் இரண்டு பேர் ஊரில் உண்டு. ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடைசியில் மனது இளகிவிட்டது என்று துஹா நிஜமாகவே நம்பினாள். உம்மு ஸுஹைபின் கையைப் பிடித்து நிறுத்தினாள். டாக்சி வேறு ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

"வகுப்பு முடியறதுக்குள்ள களத்துல இறங்கிட்டா நம்ம பொண்ணு. நிதி குடுக்கறவங்களுக்கு அனுப்பற அறிக்கைக்கு இத விட என்ன வேணும்?" என்று படமெடுக்கப் போனைப் படுக்கையாக உயர்த்திப் பிடித்தார். "அம்மா திரும்ப வேணாம், முகம் தெரியக் கூடாது. ரகசியம் முக்கியம். முதுகு போதும்."

பிறகு, இருவரும் மரநிழலில் நிற்பதால் படம் இருட்டாக விழுகிறது என்று, வெயிலுக்கு இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லி இன்னொரு கையை அசைத்தார்.