இறுக்கித் தைக்க மறுத்தவர்

மூன்று மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்திருந்தேன். லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மரக்கறி வாங்கப் போனாலே யாராவது மறித்து, "வடிவாய் மெலிஞ்சிட்டீர், என்ன செய்தனீர்?" என்று கேட்பார்கள். "தண்ணி நல்லாக் குடிக்கிறன்" என்று பெருமையாகச் சொல்வேன். டொக்டர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்த துண்டு கைப்பையிலேயே கிடந்தது. மெலிந்தவளுக்கு என்ன நோய் வருத்தம் என்ற நினைப்பு.

ஒரு கலியாணத்துக்காக, ஏற்கெனவே இரண்டு தரம் இறுக்கிய சாறிச் சட்டையை மறுபடி இறுக்கித் தைக்கக் கொண்டுபோனேன். தையல்கார அக்கா அளவெடுத்து முடிப்பதற்குள் ஒரு போத்தல் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டேன். அவர் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார்.

"இதோடை மூண்டாந்தரம். இனி இறுக்கமாட்டன். என்ரை மனிசனும் சலரோகம் வரேக்கை இப்பிடித்தான் தண்ணி தண்ணியெண்டு குடிச்சு மெலிஞ்சவர். முதல் இரத்தத்தைச் சோதிச்சுப்போட்டு வாங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. பொறாமை என்றுகூட நினைத்தேன். ஆனாலும் பயம் விடவில்லை. மறுநாள் காலை வெறும் வயிற்றோடு போய் இரத்தம் கொடுத்தேன். சீனி எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. "நல்ல நேரத்தில் வந்தீர்கள்" என்று டொக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மருந்து தொடங்கிச் சில மாதங்களில் தாகம் அடங்கியது. மெத்ரோ படிகளில் களைக்காமல் ஏறினேன். ஐந்து கிலோ திரும்பி வந்தது. அதே சட்டையோடு போனேன். அக்கா சிரித்தபடி தையலைப் பிரித்தார்.

"உள்ளுக்கை மிஞ்சின துணியை வெட்டாமல்தான் விட்டனான்" என்றார்.

இப்போது தெருவில் யாரைக் கண்டாலும் மெலிவைப் பற்றிப் பேசுவதில்லை. "சுகமாய் இருக்கிறியளோ?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நிற்கிறேன்.