டாக்டர் சொன்ன ஒரு வார்த்தை

மரவள்ளிக் கிழங்கைத் துருவிக்கொண்டிருந்த அண்ணி, கிழங்கையும் துருவியையும் அப்படியே தள்ளி வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் தொப்புளைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தார். காலை ஏழு மணி இருக்கும். நான் வேலைக்குக் கிளம்பி நின்றிருந்தேன். இன்னும் அடுப்புக்கூட மூட்டவில்லை. எனக்கு வந்தது இரக்கமல்ல, எரிச்சல்தான். "என்ன அண்ணி, கிழங்கப் பாத்தாலே வயித்து வலி வந்துருதா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. வாய்க்கு வாய் கொடுக்காமல் விடுகிற ஆள் இல்லை அவர், அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, எதுவும் வந்ததில்லை.

பினாங்கில் சூலியா தெருவை ஒட்டிய ஒரு சந்தில், கடைக்கு மேலே இரண்டு அறைகளில் நாங்கள் இருந்தோம். நாங்கள் என்றால் அப்பா, அண்ணி, நான். அம்மா ஜப்பான் சண்டைக்கு முன்பே காலமாகிவிட்டார். அப்பா துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து, ஜப்பான்காரன் வந்தபிறகு வேலையின்றி வீட்டில் இருந்தார். அண்ணனைச் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது கொண்டுபோய்விட்டார்கள். லாரியில் ஏறுவதற்கு முன் அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "அண்ணியப் பாத்துக்க." சண்டை போடாதே என்று அதற்கு அர்த்தம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் இருவருக்கும் ஆகாது என்றில்லை. நாத்தனார் என்ற பதவியை நான் கொஞ்சம் அதிகமாகவே அனுபவித்தேன், அவ்வளவுதான்.

அந்த நாட்களில் எனக்கு வீட்டில் தனி மவுசு. அரிசிச் சீட்டு எழுதும் அலுவலகத்தில் எனக்கு வேலை. வேலையில் இருப்பவர்கள் ஜப்பான் மொழி படித்தே ஆக வேண்டும். கேம்பல் தெருவில் ஒரு சீன வாத்தியார் வகுப்பு நடத்தினார். பரீட்சையில் நான் முதலாவதாக வந்தேன், அதற்குக் கூடுதலாக அரிசியும் கிடைத்தது. அப்பா அதை வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். அண்ணி மட்டும் "வாங்க ஜப்பான் ராணி, உங்க அரிசி வெந்துருச்சு" என்று கேலி செய்வார். கேலி என்றாலும் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

முதல் நாள் ஓமத்தைக் கொதிக்க வைத்துக் கொடுத்தோம். வாந்தி வந்தது. கிழங்கு சரியாக வேகவில்லை, அதுதான் என்று அப்பா தீர்மானித்தார். மூன்று பேரும் ஒரே கிழங்கைத்தான் தின்றோம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. இரண்டாம் நாள் வலி தொப்புளை விட்டு இறங்கி, வயிற்றின் வலது பக்கம் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. வலது காலை நீட்ட முடியாமல் மடக்கியே வைத்துக்கொண்டு படுத்திருந்தார். உடம்பு சுட்டது. அப்பா போய்ச் சூலியா தெருவில் நாட்டு மருந்துக்கடை வைத்திருந்த பாயைக் கூட்டி வந்தார். பாய் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி, "தப்பா நினைக்காதீங்க... முழுகாம இருக்காங்களா?" என்று கேட்டார்.

அப்பா தரையைப் பார்த்தார். எனக்கு முகம் எரிந்தது. அண்ணிதான் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார்: "அவரு சயாமுக்குப் போயி ஒன்றரை வருசம் ஆகுது பாய். வேற கேளுங்க."

பாய் அதற்குமேல் கேட்கவில்லை. விளக்கெண்ணெய் கொடுக்கலாமா என்று அப்பா கேட்டதற்கு அவசரமாகத் தலையாட்டி மறுத்தார். "வேணாம் சார். இது வாயு இல்ல. என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியல. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க." தெரியவில்லை என்று ஒரு வைத்தியர் வாயைத் திறந்து சொன்னதை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அந்த ஆளின் கடைக்கு யார் போவார்கள் என்று மனத்துக்குள் இளக்காரமாக நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி என்றால் எல்லோருக்கும் பயம். பெரிய டாக்டர் ஜப்பான்காரர். மருந்து இல்லை, போனவர்கள் வருவதில்லை என்று ஊரே பேசியது. இருந்தாலும் மூன்றாம் நாள் காலையில் ரிக்‌ஷா பிடித்து அண்ணியைக் கொண்டுபோனோம். வழியில் ஒவ்வொரு குழியிலும் சக்கரம் இறங்கும்போது அவர் என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினார். "நீ இருக்கிறியே, பயமில்ல. ஜப்பான்ல கேட்டா ஜப்பான்ல சொல்லிடுவே" என்று அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்.

டாக்டர் நாங்கள் பயந்ததுபோல் இல்லை. களைத்துப்போன முகம், மெல்லிய விரல்கள். மலாய் பேசும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அவர் பக்கத்தில் நின்று, எத்தனை நாளாக வலி, வாந்தி உண்டா என்றெல்லாம் கேட்டார். யாரோ ஓர் அதிகாரி கூப்பிடுகிறார் என்று வந்து, பாதியில் மொழிபெயர்ப்பாளரை அழைத்துப்போய்விட்டார்கள். டாக்டர் தன் போக்கில் அண்ணியின் வயிற்றின் வலது பக்கத்தை மெதுவாக அமுக்கினார். அமுக்கியபோது அண்ணி பல்லைக் கடித்தார். கையைச் சட்டென்று எடுத்தபோதுதான் அலறினார். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். பிறகு வேகமாக இன்னும் இரண்டு மூன்று வார்த்தைகள். வராந்தாவின் கோடியைக் கையால் காட்டிவிட்டு, அடுத்த அறையிலிருந்து ஆள் வந்து கூப்பிடவும் போய்விட்டார்.

அந்த வார்த்தை என் காதில் விழுந்தது: "மோச்சோ."

அப்படி ஒரு வார்த்தை நான் படித்ததில்லை. நாம் பேசும்போது மோசம் என்பதன் கடைசி எழுத்து மூக்குக்குள் போய்விடும் அல்லவா? கேட்பதற்கு ஏறக்குறைய அப்படியே இருந்தது. அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "மோசம்னா சொல்றாரு?" என்று என்னிடம் கேட்டார். "வகரிமாசென்", புரியவில்லை, என்று ஜப்பான் மொழியில் சொல்ல வாத்தியார் எங்களுக்கு முதல் வாரமே கற்றுக்கொடுத்திருந்தார். ஓடிப்போய் டாக்டரிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். பரீட்சையில் முதலாவதாக வந்தவள் எப்படிச் சொல்வாள்? அப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

வராந்தாவின் கோடியில் வெளிவாசல் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே அறுவை அறையும் இருந்தது என்பது எனக்கு மறுநாள்தான் தெரியும். வீட்டில் போய்ச் சாகட்டும் என்று காட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டு, அண்ணியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

வீட்டில் அப்பா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் ஈரத் துணியை அண்ணியின் நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானம் திரும்பியபோது அவர் கேட்டார்: "டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"ஒண்ணுமில்லன்னா நீ ஏன் என்கிட்ட இவ்வளவு மரியாதையா இருக்க?"

அழுதுவிட்டேன். "மோசம்னு சொன்னாரு" என்றேன். அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். வலி ஒரு முறை வந்து போனது. பிறகு கேட்டார்: "ஏம்மா, ஜப்பான்காரனுக்குத் தமிழ் தெரியுமா?"

எங்கள் மூன்று பேரில் சாகக் கிடந்தவருக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றியது. நான் செருப்புக்கூடப் போடாமல் கேம்பல் தெருவுக்கு ஓடினேன். வாத்தியார் கோழிக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்தார். வார்த்தையைச் சொன்னதும், பென்சிலை எடுத்து ஒரு தாளில் இரண்டு எழுத்து எழுதினார். முதல் எழுத்தைத் தொட்டு "புத்தா" என்றார். மலாயில் குருடு. இரண்டாவதைத் தொட்டுத் தன் வயிற்றைக் காட்டினார். குருட்டுக் குடல். குடல்வால் வீங்கியிருக்கிறது என்பதற்கு ஜப்பானில் அந்த ஒரு சொல்தானாம். "கெனா பொத்தோங்லா" என்றார், வெட்டி எடுத்தே ஆக வேண்டும் என்று. பிறகு என்னை விநோதமாகப் பார்த்து, "டாக்டர் சொல்லியிருப்பாரே, ஆள் இப்போது ஆஸ்பத்திரியில்தானே?" என்று மலாயில் கேட்டார். நான் திரும்பி ஓடினேன்.

வீட்டுப் படியேறும்போதே அப்பாவின் சிரிப்புக் குரல் கேட்டது. அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கால் நீட்டியிருந்தது. "நின்னுருச்சும்மா. கஞ்சி கேக்குறா. திருநீறு பூசி பத்து நிமிசம் இல்ல, வலி பட்டுன்னு நின்னுருச்சு" என்றார் அப்பா. நான் மூச்சு வாங்க, "அப்பா, அவரு மோசம்னு சொல்லல, அது வேற வார்த்தை, குடல வெட்டணுமாம்" என்றேன்.

"மோசமில்லன்னுதானே சொல்ற? நல்லதாப் போச்சு. வலியே இல்லாதவள வெட்டக் கொண்டு போவானேன்?"

நான் இன்னும் வாதாடியிருக்க வேண்டும். வாதாடினால், காலையில் எதற்குத் தலையை ஆட்டினாய் என்று அப்பா கேட்பார். அதுவும் ஒரு காரணம், மறைத்து என்ன ஆகப்போகிறது? அண்ணி என்னைப் பார்த்தார். "இப்பவே போகலாமா?" என்று கேட்டார். "காலைல போகலாம் அண்ணி" என்றேன். அப்படி வீங்கிய குடல் உடையும்போது வலி சிறிது நேரம் அடங்கிவிடும் என்று எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் ஒரு டாக்டர் சொன்னார்.

விடியும்போது அண்ணியின் வயிறு பலகையாகக் கிடந்தது. கண்கள் குழிந்து, உதடு காய்ந்து, பேச்சு குழறியது. மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். அன்று மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அப்பாவிடம், "நேற்று அறுவை அறைக்கு வெளியே காத்திருக்கச் சொன்னாராம். எங்கே போனீர்கள் என்று கேட்கிறார்" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். டாக்டர் வயிற்றைத் தொட்டுவிட்டு, மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்திராமல் தானே மலாயில் ஒரே வார்த்தை சொன்னார்: "லம்பாட்." தாமதம். பினாங்கில் பிறந்த யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவர் கைவிடவில்லை. உடனே உள்ளே கொண்டுபோய் அறுத்தார், அடுத்த இரண்டு நாளும் தானே வந்து பார்த்தார். மூன்றாம் நாள் மாலை அண்ணி போய்விட்டார். இருபத்து நான்கு வயது.

இன்று எங்கள் குடும்பத்திலேயே இரண்டு பேருக்கு இந்தக் குடல்வாலை எடுத்துவிட்டார்கள். மறுநாளே கைப்பேசியை நோண்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். இதற்கா பாட்டி இப்படி அழுகிறீர்கள் என்று கேட்டார்கள். வயதாகிவிட்டதில்லையா என்று சொல்லி வைத்தேன்.

சண்டை முடிந்து சில மாதங்களில் அண்ணன் திரும்பி வந்தார். எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண்ணோடு படியேறி வந்தவரை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவர் கண் அறை முழுவதும் தேடியது. அப்பா விஷயத்தைச் சொன்னார். அண்ணன் அழவில்லை. சயாமில் அவருடைய கண்ணீர் தீர்ந்துபோயிருந்தது என்று நினைக்கிறேன். பிறகு என் பக்கம் திரும்பினார். "என்ன வியாதி? டாக்டர் என்னதான் சொன்னாரு? நீதானே பக்கத்துல நின்ன?"

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை எனக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் நன்றாகத் தெரியும்.

"மோசம்னு சொன்னாரு அண்ணே" என்றேன்.

அண்ணன் என் தலையில் கையை வைத்தார். "போகட்டும். ஜப்பான் பாஷை தெரிஞ்ச நீயாவது கூட இருந்தியே" என்றார்.