ஏட்டம்மாவின் பிடி

குற்றாலம் பேரருவியில், பெண்கள் குளிக்கும் பக்கம் கம்பித் தடுப்பை ஒட்டி நிற்கிற ஏட்டம்மாவின் பூட்ஸ் கால்கள் சும்மா இருப்பதில்லை. இடது கால் ஓர் அங்குலம் முன்னே போகும். வலது கால் இருந்த இடத்திலேயே ஒரு மிதி மிதிக்கும். இடது திரும்பி வந்து சேரும். பிறகு ஒரு நொடி ஒன்றும் நடக்காது. அப்புறம் வலது கால் பின்னே போகும். மழைக்கோட்டுக்குள் இடுப்பு அசைவது பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். முகம் மட்டும் அசல் பந்தோபஸ்து முகம்.

"போதும்மா, போதும்! வெளிய வா, பின்னால ஆளு நிக்குல்லா!" என்று வாய் அதட்டிக்கொண்டிருக்க, கால் ஐந்து, ஆறு என்று எண்ணிக்கொண்டு போகும். ஏழில் அவள் கை சாரலுக்குள் நுழைந்து, குளித்துக்கொண்டிருக்கிற ஒருத்தியின் முன்கையைப் பிடிக்கும். எட்டில் அந்த ஒருத்தி வெளியே நின்று முழித்துக்கொண்டிருப்பாள்.

ஹெட் கான்ஸ்டபிள் இசக்கிச்செல்விக்கு வயது நாற்பத்தெட்டு. ஊர் ஆலங்குளத்துப் பக்கம். வாசல் நிலையில் குனிந்து நுழையும் உயரம். எந்த ஸ்டேஷனில் இருந்தாலும் ஆனி பிறந்ததும் அருவி டூட்டிக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது சீசன் ஆயிற்று. அவள் பிடியைப் பற்றி ஊரில் கதைகள் உண்டு. ஒரு ஆடி மாதம் சங்கரன்கோவில் அம்மாள் ஒருத்தியை அவள் இழுத்தபோது, அந்த அம்மாளின் இடுப்பைப் பிடித்தபடி நாத்தனார், நாத்தனார் பின்னால் மாமியார், மாமியார் பின்னால் பக்கத்து வீட்டுக்காரி என்று ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கொண்டு மொத்தக் குடும்பமும் வெளியே வந்ததாம். கடைசிப் பெட்டியாக ஒரு குரங்கும் வந்ததாம். குரங்கு விஷயத்தில் மட்டும் சிலர் ஐயப்படுகிறார்கள்.

பிடிக்கு ஒரு காரணம் உண்டு. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் அருவியில் நிற்கிறார்கள். எண்ணெய்க் கையை விரலில் பிடிப்பதும் விரால்மீனை வாலில் பிடிப்பதும் ஒன்று. அவள் வெறும் கான்ஸ்டபிளாக இருந்த காலம், மூன்றாவது சீசன். தண்ணீர் மளமளவென்று கூடியபோது, ஒரு கல்லூரிப் பெண்ணை உள்ளங்கையைப் பிடித்து இழுத்தாள். கை வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அந்தப் பெண் பாறையில் சறுக்கி அடுத்த கம்பியில் மாட்டி, முட்டியில் சிராய்ப்போடு எழுந்து சிரித்தாள். சாயங்காலம் நேந்திரம் சிப்ஸ் வாங்கும்போதே அவள் அதை மறந்திருப்பாள். ஆனால் இசக்கிச்செல்வியின் கையில் அந்தப் பெண்ணின் கண்ணாடி வளையல் பாதியாக ஒடிந்து கிடந்தது. அதற்குப் பிறகு அவள் யாரையும் உள்ளங்கையில் பிடித்ததில்லை. மணிக்கட்டைத் தாண்டி, முன்கையில், ஐந்து விரலும் பதிய ஒரே பிடி.

அருவியில் இந்தப் பிடி பல உயிருக்குக் காவல். சல்சா ஆட்டத்தில்தான் அது சங்கடமாகப் போயிற்று.

சல்சா அவளுக்கு வாய்த்ததே ஒரு புகாரில். தென்காசியில் அப்துல் ஜப்பார் என்பவர் ஸ்டேஷனுக்கு வந்து, பக்கத்து வீட்டு மாடியில் நடக்கும் ஆட்டத்தால் தம் அலமாரியிலிருக்கும் பீங்கான் தட்டுகள் நடமாடுகின்றன என்று எழுதிக் கொடுத்தார். விசாரிக்க இசக்கிச்செல்வி போனாள். மாடியில் திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை நிறைய கைபேசிகள். உள்ளே பன்னிரண்டு பெண்கள், காலில் சாக்ஸ் மாட்டிக்கொண்டு, இரண்டிரண்டு பேராகக் கை கோத்து நின்றார்கள்.

"என்னம்மா நடக்கு இங்கன?"

"சல்சா, மேடம்" என்றாள் மாஜிதா. வீடும் வகுப்பும் அவளுடையவை. பதினோரு வருஷம் ஷார்ஜாவில் இருந்துவிட்டுப் பிள்ளைகள் படிப்புக்காகத் திரும்பி வந்தவள். அங்கே அடுத்த வீட்டில் இருந்த கொலம்பியா தேசத்து நர்ஸ் ஒருத்தி, வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் கட்டடத்துப் பெண்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த ஆட்டம் இது. "ரெண்டு பேரா ஆடுறது. ஒருத்தர் நடத்தணும், இன்னொருத்தர் கூடப் போவணும்."

"நடத்துதது ஆம்பளைதான? ஆம்பளை எங்க?"

"மணிக்கட்டுல கைக்குட்டை கட்டுனவங்க எல்லாம் மாப்பிள்ளை. கட்டாதவங்க பொண்ணு."

இசக்கிச்செல்வி ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் முழங்காலுக்குப் புரிந்தது போலிருந்தது. தொப்பியைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். பைக்குள்ளிருந்து கைக்குட்டையை எடுத்து, "எங்கிட்டயே ஒண்ணு இருக்கு" என்றாள். "பெண்கள் உடற்பயிற்சி, சத்தத்தைக் குறைக்க அறிவுரை வழங்கப்பட்டது" என்று அறிக்கை போயிற்று. புகார்தாரரின் மருமகள் அதீபாவும் பிற்பாடு அங்கேயே சேர்ந்துகொண்டதால், தட்டுகள் நடமாடுவதைப் பற்றி அவர் இப்போது பேச்செடுப்பதில்லை.

வீட்டில் தோசை ஊற்றும்போதும் பழக்கம் நடந்தது. புருஷன் மாரிராஜ் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சுவரில் சாய்ந்துகொண்டு நாலு நாள் கவனித்தார்.

"ஏட்டி, மூணு எட்டு ஒழுங்கா வைக்க. நாலாவதுல ஏன் நிக்க? பட்டாளத்துல இப்பிடி நின்னா பின்னால வாரவன் முதுகுல வந்து மோதுவான்."

"அங்கன நிக்கதுதான் ஆட்டமாம்."

"நிக்கதுக்கு எதுக்கு ஒரு வகுப்பு?" என்று கேட்டுவிட்டுத் தோசைத்தட்டோடு போய்விட்டார். கேலியாகக் கேட்டதுதான். ஆனால் அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே யோசித்துக்கொண்டு நின்றாள். தோசை கருகிற்று.

வகுப்பில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஜோடி மாற வேண்டும் என்பது விதி. நான்கு மாதத்தில் இசக்கிச்செல்விக்கு அடிகள் எல்லாம் அத்துப்படி. ஜோடிதான் கிடைக்கவில்லை. அவள் முறை வரும்போது ஒருத்திக்குத் தாகம் எடுக்கும். ஒருத்திக்குக் கொண்டை ஊசி தொலையும். இரண்டு விரலைக் கொக்கி போல மடக்கி இலேசாகத் தொட்டுக்கொள்ள வேண்டிய இடத்தில், அவள் முன்கையைப் பிடித்து இழுத்தாள். திருப்ப வேண்டிய இடத்தில் அருவியிலிருந்து வெளியேற்றினாள்.

"ஏட்டம்மா, என்னை எந்த ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறிய?" என்று அதீபா கேட்டாள்.

வகுப்பிலேயே மூத்தவளான ஹைருன் பீவி பட்டென்று உடைத்தாள். அறுபத்தொரு வயது, ஏட்டம்மாவின் தோள் உயரம்தான் இருப்பாள். "எனக்கு இந்தத் தோள்பட்டை வேணும் தாயி. மருமவகூட மல்லுக்கு நிக்க வேற ஆயுதம் இல்ல." எல்லாரும் சிரித்தார்கள். இசக்கிச்செல்வியும் சிரித்தாள். அன்றைக்குக் கடைசிப் பாட்டுக்கு அவள் ஜன்னலோரம் தனியாக நின்று காலை மட்டும் அசைத்தாள்.

வகுப்பு முடிந்து எல்லாரும் படியிறங்கினதும் அவள் ஒரு வேலை செய்வாள். அதுவும் அருவிப் பழக்கம். "பதிமூணு பேரு, டீச்சர். அம்புட்டும் வெளிய வந்தாச்சு." யாரும் கேட்காமலே சொல்லுவாள். ஆடிக்கொண்டிருக்கும்போதே ஜோடியின் தலைக்கு மேலாகத் தலைகளை எண்ணுவாள், ஒருத்தி குளியலறைக்குப் போனால்கூட, "ஒண்ணு கொறையுதே!" என்று ஆட்டத்தை நிறுத்திவிடுவாள்.

அன்றைக்கும் எண்ணிக்கை சொன்னாள். சொல்லிவிட்டுப் போகாமல் நின்றாள்.

"டீச்சர், அதீபா பொண்ணா ஆடுதப்போ கண்ணை மூடிக்கிடுதா. மூடிக்கிட்டே போறா. எங்க போறோம்னே பாக்கல." குரல் இறங்கிற்று. "அந்த மாதிரி ஒரு பாட்டு. ஒரே ஒரு பாட்டு, எனக்குப் போதும்."

இத்தனை சீசன் அருவிக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றவள், ஒரு தடவைகூட அதற்குள் தலை கொடுத்ததில்லை. கொடுத்தால் யார் எண்ணுவது?

மாஜிதா அவள் மணிக்கட்டிலிருந்த கைக்குட்டையை அவிழ்த்து, மடித்துக் கையில் கொடுத்தாள். "குற்றாலத்துல லாட்ஜ் ஹால் எடுத்திருக்கோம்லா, ஞாயித்துக்கிழமை மத்தியானம். மதுரைலருந்தும் திருவனந்தபுரத்துலருந்தும் பொம்பளைங்க வாராங்க. அங்க இதைக் கட்டக் கூடாது. பொண்ணாத்தான் ஆடணும்."

"யாரும் கூப்பிடலன்னா?"

"முதல் பாட்டுக்கு யாரு வேணும்னாலும் கூப்பிடுவாங்க, ஏட்டம்மா. அதே ஆளு ரெண்டாவது பாட்டுக்கும் கூப்பிடுதாங்களான்னு பாருங்க. அதுதான் பரீட்சை."

இடையில் இருந்த மூன்று வாரமும் பெண்ணாக ஆடிப் பார்த்ததில் ஒரு விஷயம் விளங்கிற்று. திருப்பம் வருவதற்கு முன்பே அவள் திரும்பிவிடுகிறாள். வரப்போவதை முன்கூட்டி அறிவதுதான் அவள் தொழில். பேரருவியில் மற்றவர்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். "தண்ணி தொண்டையைக் கட்டிக்கிட்டு வருது" என்று அவள் விசிலை வாயில் வைத்தால், கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து சருகும் சுள்ளியுமாகச் செம்மண் நிறத்தில் இறங்கும். அந்தக் காதையும் கண்ணையும் சாக்ஸோடு சேர்த்து மாட்டிக்கொண்டு ஆடினால் எப்படி?

ஞாயிற்றுக்கிழமை. ஹாலுக்கு வெளியே சாரல் பிடித்துக்கொண்டிருந்தது. இசக்கிச்செல்வி அரை நாள் விடுப்பில், பச்சைச் சுடிதாரில், சீருடை இல்லாததால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். மதுரைக்காரி ஒருத்தி, வங்கி அதிகாரியாம், சிரித்துக்கொண்டே வந்து கூப்பிட்டாள். இரண்டாவது திருப்பத்துக்கு அவள் கையைத் தூக்குவதற்குள் இசக்கிச்செல்வி சுற்றி முடித்திருந்தாள். பாட்டு முடிந்ததும் அந்த அம்மாள் நன்றி சொல்லிவிட்டு ஹாலின் மறுகோடிக்குப் போனாள். அடுத்து வந்த திருவனந்தபுரத்துப் பெண் மரியாதையாக விடைபெற்று, திரும்பி நின்று, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு முன்கையைத் தேய்த்துவிட்டாள். இசக்கிச்செல்வி பார்த்தாள். அவள் பார்க்காதது எது?

சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று பாட்டு போயிற்று. ஆட்கள் நாற்பத்தொன்று. வாசல் இரண்டு. மின்விசிறி ஆறு; ஒன்று சுற்றவில்லை.

"ஏட்டம்மா, வாரியளா?"

ஹைருன் பீவி. மணிக்கட்டில் கைக்குட்டை. இத்தனை மாதத்தில் அவள் மாப்பிள்ளையாக ஆடினதே இல்லை.

"உங்களுக்குத் தோள்பட்டை வேண்டாமாக்கும்?"

"மருமவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. பத்து நாளைக்கு இது தேவைப்படாது. எந்திரிங்க."

எழுந்து கையைக் கொடுத்ததும் இசக்கிச்செல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா, கையெல்லாம் எண்ணெயா இருக்கே!"

"முட்டுக்குத் தைலம் போட்டேன். தொடைக்க மறந்துட்டேன். வழுக்குனா வழுக்கட்டுமே, இங்கன என்ன அருவியா ஓடுது? தரைதான கெடக்கு."

அவள் பேசி முடிப்பதற்குள் இசக்கிச்செல்வியின் கை தன்பாட்டுக்கு மேலேறி, மணிக்கட்டைத் தாண்டி, அந்த ஒல்லியான முன்கையைப் பற்றியிருந்தது. ஹைருன் பீவி இழுக்கவும் இல்லை, உதறவும் இல்லை. நின்றாள். பாட்டு தொடங்கிற்று. சுற்றிலும் நாற்பது பேர் சுழன்றார்கள். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"அக்கா, பாட்டு போகுது."

"போட்டும். மொதல்ல உங்க கை கீழ எறங்கட்டும்."

இசக்கிச்செல்வி தன் கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே ஒவ்வொரு விரலாகத் தளர்த்தினாள். தைலத்தில் கை தானாகச் சறுக்கிற்று. முன்கை, மணிக்கட்டு, உள்ளங்கை. அங்கே ஒரு நொடி பயந்து இறுகிற்று. பிறகு அதையும் தாண்டி, விரல் நுனியில் வந்து தொங்கிற்று. வழுக்கிக்கொண்டு போகவில்லை. விழுவதற்கு அங்கே யாரும் இல்லை.

ஹைருன் பீவி நடத்திய லட்சணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எண்ணிக்கையை விட்டாள், இரண்டு தடவை காலை மிதித்தாள், இடமா வலமா என்று அவளுக்கே தெரியவில்லை. அவளுக்கே தெரியாததை இசக்கிச்செல்வி முன்கூட்டி அறிவது எப்படி? பாதிப் பாட்டில் அந்த முயற்சியை விட்டுவிட்டாள். ஒரு தடவை கை உயர்ந்தது. தான் சுற்றி வந்துவிட்டதை, சுற்றி முடித்த பிறகுதான் உணர்ந்தாள். நான்கில் நின்றார்கள். எட்டில் நின்றார்கள். மூன்றாவது சுற்றில் கண் எப்போது மூடியது என்று அவளுக்குத் தெரியாது.

பாட்டு ஓய்ந்தது. வாசலிலிருந்து மாஜிதா போனைக் காதில் வைத்துக்கொண்டு கூவினாள். "ஏட்டம்மா! மொத்தம் எத்தனை பேரு? பார்டர் கடையில பரோட்டாவுக்குச் சொல்லணும்!"

இசக்கிச்செல்வி வாயைத் திறந்தாள். எண் வரவில்லை. கண் ஹாலைச் சுற்றப் புறப்பட்டு, பாதி வழியில் திரும்பி வந்துவிட்டது.

"நீங்களே எண்ணிக்கிடுங்க, டீச்சர்."

அடுத்த பாட்டு தொடங்கிக்கொண்டிருந்தது. ஹைருன் பீவி கைக்குட்டையை அவிழ்த்து, தைலக் கையைத் துடைக்கப் போனாள்.

"தொடைக்காதிய, அக்கா" என்று சொல்லி, இரண்டு விரலை இலேசாக மடக்கி, ஏட்டம்மா கையை நீட்டினாள்.